ஒருக்கா மட்டும் கேட்கிற மச்சாள்

எனக்கு எரிச்சல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்க்க வேண்டாம். என் கணவருடைய அக்கா, என் மச்சாள், ஐம்பத்து மூன்று வயதில் விமானப் பணிப்பெண் ஆகிவிட்டார். கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் இழுத்துக்கொண்டு போகிற சின்னப் பெட்டி, உதட்டில் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவளே நான்தான். அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கூட எரிகிறது.

மச்சாளின் வீடு ஒக்லண்டின் தெற்கே, மனுரேவாவில். அங்கேயே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையில் கனகாலம் இருந்தவர். பெரிய குரல், பெரிய சிரிப்பு, தலைமுடியை ஒரு ரப்பர் பாண்டுக்குள் அடக்கினால் அதுதான் அலங்காரம். நான் மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கிறேன். வேலை மவுண்ட் வெல்லிங்டன் ஷொப்பிங் சென்டரில், வாசனைத் திரவியமும் மேக்கப்பும் விற்கிற கவுண்டரில். நாள் முழுக்கக் குதி உயர்ந்த செருப்பில் நின்றுகொண்டு, வாங்காமல் போகிறவளுக்கும் சிரித்து அனுப்புகிற வேலை. இப்போது சொல்லுங்கள், எங்கள் இரண்டு பேரில் யாரை விமானத்துக்கு எடுப்பீர்கள்?

இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு இருபது வயதில், பேப்பரில் விமானப் பணிப்பெண் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். உயரம் சரி, நிறை சரி, கலியாணம் ஆகவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "வானத்தில போய் எச்சில் கோப்பை எடுக்கப் போறியோ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தார். அந்த மேசை ஆடாமல் நின்றது. பிறகு கலியாணம், நியூசிலாந்து, பிள்ளை, மோர்ட்கேஜ். இனி வயது போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆனால் ஏர்போர்ட்டுக்கு யாரையாவது ஏற்றி இறக்கப் போனால், பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டமாக நடந்து போகிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, பார்க்கிங் நேரம் முடிந்து அபராதம் கட்டியிருக்கிறேன்.

போன வருடம் என் பக்கத்துக் கவுண்டர்ப் பெண் வேலையை விட்டுவிட்டு கேபின் க்ரூவுக்குப் போனாள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: இங்கே வயது பார்ப்பதில்லையாம், அவளோடு சேர்ந்தவர்களில் பேரப்பிள்ளை கண்டவர்களும் இருக்கிறார்களாம். அன்றைக்கு நான் விற்றதெல்லாம் பிழையான சாமான். வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் பதிலும் வந்தது.

அங்கேதான் நான் ஒரு விசர் வேலை செய்தேன். எங்கள் ஆட்களுக்கு எங்கே போவதென்றாலும் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். பல்லுப் பிடுங்கப் போனாலும் துணை, லைசென்ஸ் எடுக்கப் போனாலும் துணை. நாற்பத்து நான்கு வயதில் தனியாகப் போய் அந்தச் சின்னப் பெட்டைகளுக்கு நடுவில் நிற்க எனக்குக் கால் கூசியது. மச்சாளைக் கூப்பிட்டேன்.

"மச்சாள், நீங்களும் சும்மா ஒண்டு போட்டுவிடுங்கோவன். எனக்குத் துணையா இருக்கும்."

"எனக்கென்ன, அண்டைக்கு லீவுதான். போடும் பிள்ளை, நீரே போட்டுவிடும்" என்றார். அவருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்தவள் என்று என்னைச் சொல்லலாம்.

நேர்முகம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடப் பையோடு வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதர், ஷூவில் முகம் பார்க்கலாம், அப்படி மினுக்கியிருந்தார். என் கொண்டையில் ஒரு மயிர் விலகவில்லை. மச்சாள் கிடங்குக்குப் போகிற சப்பாத்தோடு வந்து நின்றார். காரிலேயே வைத்து அவருக்கு உதட்டுச் சாயம் பூசிவிட்டேன், பாவம் என்று.

நடித்துக் காட்டுகிற பரீட்சை ஒன்று வைத்தார்கள். பரிசோதகர் ஒருவர் கதிரையில் பயணியாக இருப்பார். நாங்கள் சாப்பாட்டுத் தட்டோடு போக வேண்டும். அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சாப்பாடு கொடுப்பதையா எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள்?

எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு முறை உண்டு. வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்பார். அது பதில் இல்லை, மரியாதை. இரண்டாம் தரம் கேட்க வேண்டும். அதற்கும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைக்க வேண்டும். "சும்மா கரைச்சல்படுறியள்" என்று சொல்லிக்கொண்டே அடிவரை குடித்து முடிப்பார். என் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு போனதில்லை. ஒக்லண்டில் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். மச்சாள் வீட்டுக் கதை வேறு. ஒருக்கா கேட்பார். வேண்டாம் என்றால் "சரி" என்று சட்டியை மூடிவிடுவார். மனுரேவாவிலிருந்து பசியோடு திரும்பி, வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையில் நிறுத்தி மீட் பை வாங்கித் தின்றவர்கள் எங்கள் குடும்பத்திலேயே அரைவாசிப் பேர். கையிறுக்கம் என்று சொல்லுவோம். அவர் சட்டி மூடுகிறதை நான் நடித்துக் காட்டினால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

என் முறை வந்தது. குனிந்து, சிரித்து, சிக்கனா பாஸ்டாவா என்று கேட்டேன். பயணி வேண்டாம் என்றார். கொஞ்சமாவது எடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். இவ்வளவு தூரப் பயணம், வெறும் வயிற்றோடு இருந்தால் தலை சுற்றும் என்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். இன்னும் வெட்கப்படுகிறார் என்று நினைத்து, மேசையை இழுத்து விரித்துத் தட்டை முன்னால் வைத்தே விட்டேன். பரிசோதகர் நடிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நல்லாய்ச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்!

மச்சாள் போனார். பயணி வேண்டாம் என்றார். "சரி. மனம் மாறினா அந்தப் பட்டனை அமத்துங்கோ, வருவன்" என்று தன்னுடைய கிடங்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நின்றார். முடிந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. வரும் வழியில் காரில் ஆறுதலும் சொன்னேன்.

"கவலைப்படாதேங்கோ மச்சாள். எல்லாருக்கும் இது சரிவராது."

"ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவருக்குக் கிடைத்தது. எனக்கு இல்லை. காரணம் கேட்டு எழுதினேன். பயணியின் மறுப்பை மதிக்க இன்னும் பழக வேண்டும், சில காலம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று மிக இனிமையாகப் பதில் போட்டிருந்தார்கள். எத்தனை பேருடைய வயிற்றை நிரப்பிய கை இது!

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்ன சொல்ல? பயிற்சிக்கு நீந்தத் தெரிய வேண்டும். மச்சாளுக்குத் தெரியாது. அப்பாடா என்றிருந்தது. நீந்தப் பழக அவர் என்னையே துணைக்குக் கூப்பிட்டார். மவுண்ட் ரோஸ்கில் நீச்சல் குளத்தில் அவர் முழு நீளக் காற்சட்டையோடு இறங்கித் தத்தளிக்க, நான் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையோர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீருக்குள் தாழ வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. அரைவழியில் களைத்துப் போய்க் கரையைப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். அந்த மனிசி பிடிக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்து, "பாத்தீரே பிள்ளை!" என்று குளம் அதிரக் கத்தினார். நான் கைதட்டினேன். கை நோகத் தட்டினேன்.

யூனிபோர்ம் கிடைத்த அன்றைக்கு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். என் கணவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எங்கட அக்காவைப் பாரும், முப்பது வயசெண்டும் சொல்லலாம்" என்றார்.

"ஓம், கரண்ட் போனால்" என்றேன்.

"அம்மா, யூ ஆர் சோ ஜெலஸ்" என்றாள் மகள். இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் சொல்லியிருந்தால் வாயில் போட்டிருப்பேன்.

அன்றைக்கு மச்சாள் குசினிக்குள் வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"பிள்ளை, திரும்பவும் ஆக்கள் எடுக்கப் போகினமாம். நீர் போடுறீரோ? என்ன கேப்பினம், எப்பிடிச் சொல்லுறது எண்டு எல்லாம் நான் காட்டித் தாறன்."

என் நெஞ்சு டக்கென்று அடித்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"ஐயோ வேண்டாம் மச்சாள். எனக்கென்னத்துக்கு இந்த வயசில?"

"சரி" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். அடுத்த முறை வரும்போது கேட்பார் என்று பார்த்தேன். மனிசி சிங்கப்பூரில் வாங்கிய சப்பாத்தைக் காட்டினார். அதற்கு அடுத்த முறை ஹொனலூலுக் கடற்கரைப் படம் காட்டினார். நானே தொடங்குவதா? வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படி வேண்டும் என்பது? ஒருத்தியை இரண்டாம் தரம் கேட்டால் இவருடைய நாக்கு தேய்ந்துவிடுமா? இரவும் பகலும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். பிறர் நன்றாயிருக்கப் பொறுக்காத மனிசி, தான் மட்டும் பறந்தால் போதும் என்று நினைக்கிறார் என்றும் தீர்மானித்தேன்.

போன மாதம் மெல்பேர்னில் ஒரு கலியாணம். கணவரும் மகளும் முதலே போய்விட்டார்கள், எனக்கு லீவு கிடைக்கப் பிந்தியதால் தனியாகப் புறப்பட்டேன். விமானத்துக்குள் கால் வைத்தால், வாசலில் மச்சாள். "வெல்கம்" என்று எல்லோருக்கும் சொல்வது போலவே எனக்கும் சொன்னார். கண்ணை மட்டும் ஒருக்கால் சிமிட்டினார். அவருக்குப் பக்கத்தில், அன்றைக்கு மண்டபத்துக்குப் பள்ளிக்கூடப் பையோடு வந்த அந்தப் பிள்ளை. அது மச்சாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் மாதிரிச் சிரித்தார்கள். பத்தொன்பதுக்கும் கிடைத்தது, ஐம்பத்து மூன்றுக்கும் கிடைத்தது. நடுவில் இருக்கிற நான் இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

சாப்பாட்டு வண்டி வந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சேலை அடுக்கி, கொண்டை போட்டு, ஓடிவந்து ஏறியதில் ஒரு வாய்த் தேத்தண்ணிகூட இறங்கவில்லை. மச்சாள் என் வரிசையில் நிறுத்தி, மெல்லத் தமிழில் கேட்டார்.

"சிக்கனோ, மரக்கறியோ?"

"வேண்டாம் மச்சாள். இப்பதான் சாப்பிட்டனான்."

"சரி." வண்டி நகர்ந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூடியைத் திறந்தார். அந்த மணம் நேரே என் வயிற்றுக்குள் போனது. வயிறு அவருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டது. இந்த மனிசி திரும்பிப் பார்ப்பார் என்று பார்த்தேன். பார்க்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் வேண்டாம் என்றார், அவருக்கும் அதே "சரி." இன்னொருவர் வேண்டும் என்றார், உடனே கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு என்மேல் எந்த வஞ்சகமும் இல்லை. ஒரு ஆள் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிறார். என்னையும் நம்பிவிட்டார்.

கையை உயர்த்திப் பட்டனை அமத்தினேன். மணி அடித்தது. மச்சாள் வந்து குனிந்தார்.

"என்ன பிள்ளை?"

"பசிக்குது மச்சாள்."

"சிக்கனோ, மரக்கறியோ?"

"சிக்கன்." அவர் திரும்ப முதல் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன். "அந்த வேலையும் வேணும். எனக்கு வேணும் மச்சாள். இருபது வயசிலயிருந்து வேணும்."

அவருடைய முகத்தில் இருந்த விமானச் சிரிப்பு போய்விட்டது. மனுரேவா முகம் வந்தது.

"நான் கேட்டனானே பிள்ளை. வேண்டாம் எண்டீர்."

"அது சும்மா சொன்னது."

"எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். "விண்ணப்பம் எடுக்கிறதைப் போன வெள்ளிக்கிழமையோட மூடிட்டினம். இனி எப்ப எடுப்பினம் எண்டு தெரியாது."

போய்ச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். கண் முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். சோறு, சிக்கன், அந்தச் சின்னக் கேக், பட்டர் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டேன். அவர் எரிச்சலூட்டும் அழகோடு வரிசை வரிசையாகக் குனிந்து நிமிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வெறும் தட்டுகளை எடுக்க வரும்போது மச்சாள் என்னிடம் நின்றார்.

"சாப்பாட்டோட குடுக்கிற பாண் துண்டு ஒண்டு மிச்சமிருக்கு. வேணுமோ?"

தொண்டைவரை நிரம்பியிருந்தது. இனி ஒரு வாய் வைக்க இடமில்லை.

"ஓம்" என்றேன். "தாங்கோ."