முந்நூறு டொலர் இடியன்

மனைவியிடம் கையெழுத்துக் கேட்டுத்தான் கனடாவில் வேட்டைத் துவக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்பது, வகுப்புக்குப் போய், பரீட்சையும் பாஸ் பண்ணி, விண்ணப்பப் படிவத்தைச் சமையலறை மேசையில் விரித்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கூட வாழ்பவர் கையெழுத்திட ஒரு கட்டம். போடாவிட்டால் லைசன்ஸ் கொடுக்கிறவர்களே அவளைத் தேடிப் பிடித்துக் கேட்பார்களாம். வீடு வாங்கியபோதுகூட அவளுக்கு யாரும் இவ்வளவு மரியாதை கொடுக்கவில்லை.

இந்த வினையில் என்னை இழுத்துவிட்டவன் வேலையிடத்து நண்பன். ரெக்ஸ்டேலில் ஒரு கிடங்கில் இருவரும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறோம். வெள்ளைக்காரன், சின்ன வயதிலிருந்தே மான் வேட்டைக்குப் போகிறவன். ஒருநாள் என் ஆட்டிறைச்சிக் கறியை வழித்துத் துடைத்துத் தின்றுவிட்டு, டிசம்பரில் ஒரு கிழமை வேட்டைக்குத் தன்னோடு வரச் சொன்னான். அந்தக் கிழமை குழலின் வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கிற துவக்குக்கு மட்டும்தான் அனுமதி, ஆட்களும் குறைவு, புதியவனுக்கு நல்லது என்றான். எங்கள் ஊரில் அதை இடியன் என்பார்கள். நான் ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனாலும் அது எங்கள் பரம்பரைச் சாமான் என்று அவனிடம் அளந்துவிட்டேன். போதாக்குறைக்கு மோர்னிங்சைடில் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் மான் இறைச்சி தருவதாகவும் வாக்குக் கொடுத்தேன். இனி எந்த முகத்தோடு பின்வாங்குவது?

மனைவி படிவத்தை மூன்று தரம் வாசித்தாள்.

"துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயது ஆள், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பசித்ததும் யாரும் பார்க்காத நேரம் இழுத்துக்கொண்டேன். நான்காம் நாள் காலை படிவம் மேசையில் கையெழுத்தோடு கிடந்தது. ஒரேயொரு நிபந்தனை, துவக்கு வரியோடு சேர்த்து முந்நூறு டொலரைத் தாண்டக்கூடாது. அந்த விலைக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

லைசன்ஸ் வர மாதக்கணக்காயிற்று. வந்த கிழமையே நண்பனோடு கடைக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் எண்ணூறு டொலர் துவக்கை இறக்கினார். நெருப்புக் கொடுக்கிற கேப் உள்ளே மறைந்திருக்கும், மழை பெய்தாலும் வெடிக்கும் என்றார். இதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று கேட்டேன். துருப்பிடிக்காத குழலோடு ஐந்நூறுக்கு ஒன்றை எடுத்தார். அதைவிடக் குறைவாக? சேலைக் கடையில் கடைசித் தட்டையும் இறக்க வைக்காமல் எழும்பாத பரம்பரை நாங்கள். நான் கடைசி விலை என்னவென்று கேட்கத் தொடங்கியதும், நண்பன் என்னைத் தெரியாதவன் மாதிரித் தூண்டில்கள் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டான்.

மூலையில் இருந்தது என் துவக்கு. பாவித்த சாமான், மரப்பிடி, பக்கத்தில் சுத்தியல் வைத்த பழைய மாதிரி. விலை இருநூற்றறுபது, வரியோடு இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று டொலர் எண்பது சதம். விற்பனையாளர் நேர்மையான மனிதர். சாதாரண இரும்புக் குழல், சுட்ட அன்றே சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் துரு தின்றுவிடும் என்றார். கேப்பின் நெருப்பு ஒரு சின்னத் துளை வழியாகத்தான் மருந்துக்குப் போகும், அந்தத் துளை அடைபடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். என் மனம் முழுக்க அந்த எண்பது சதத்தில் இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, பொம்பிளை மலிவு, கலியாணச் செலவுதான் முறிக்கும் என்று. மருந்து, குண்டு, கேப், இடிக்கிற கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் துவக்குக்குப் பூசுகிற எண்ணெய், விரல் அளவு போத்தல் பதினெட்டு டொலர். பகல் கொள்ளை. அதைத் திருப்பித் தட்டிலேயே வைத்தேன்.

சுட்டுப் பழகிவிட்டு வந்த அன்று, பேஸ்மென்ற் தொட்டியில் குழலைப் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தேன். அதுவரை அந்தப் பக்கமே வராத மனைவி படியில் நின்று பார்த்தாள். குழம்புச் சட்டியை ஒருநாளும் இப்படிக் கழுவியதில்லை என்றாள். பிறகு எண்ணெய்க்கு என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். விலையைச் சொன்னேன்.

"ஏன் காசைக் கரியாக்கிறியள்? தேங்காயெண்ணெய் போடுங்கோ. துரு கிட்டவும் வராது."

மேலே போய்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். துணியில் எண்ணெயை ஊற்றி, கம்பியில் சுற்றி, குழலுக்குள் அவளே விட்டு இழுத்தாள். கேப்பின் நெருப்புப் போகிற அந்தத் துளைக்கும் தாராளமாக வார்த்தாள். ஒருவழியாக மனம் மாறிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன்.

டிசம்பரில் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வடக்கே போய், கடுங்குளிரில் ஒரு மரத்தோடு மரமாக நின்றேன். நாற்பது அடி தூரத்தில் மான் வந்தது. குறி பார்த்து விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். வெடிக்காவிட்டால் ஒரு நிமிடம் அசையாமல் குறிபிடித்தபடி நிற்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். நின்றேன். மானும் நின்றது. காதைத் திருப்பி என்னை நன்றாகப் பார்த்தது. பிறகு நடந்து போனது. ஓடவுமில்லை, நடந்துதான் போனது. அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

நண்பன் வந்து அந்தத் துளையை ஊசியால் கிண்டினான். வெள்ளையாக, கெட்டியாக ஒன்று வந்தது. மணந்து பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். நாங்கள் சமைக்கவும் தலைக்கு வைக்கவும் பாவிக்கிற எண்ணெய் என்றேன். பனியிலேயே குந்தியிருந்து சிரித்தான். வீடு வரும்வரை எனக்கு எரிச்சல்.

அடுத்த நாள் காலை, கேட்க வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து, உருகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கனடா வந்த நாள் முதல் ஒவ்வொரு குளிர்காலமும் தலைக்கு வைக்க முன்னர் அப்படித்தான் செய்கிறாள். என் தலையில் முடி கொட்டிப் பத்து வருடம், எனக்கு அந்தப் போத்தலோடு சோலி இல்லை. குளிரில் அது கட்டியாகும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"தெரிஞ்சுதானே தந்தனீர்?" என்றேன்.

"ஓம்" என்றாள். மறைக்கவே இல்லை. "நீங்கள் ஆசைப்பட்டனீங்கள். போகவேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனா உங்கட கையால ஒண்டு சுடுபட்டு விழுறதை நினைக்க நெஞ்சு பதறுது."

உண்மையைச் சொன்னால், 'டிக்' என்றதும் எரிச்சலுக்கு முன்னர் எனக்கு வந்தது நிம்மதிதான். யாருக்கும் சொல்லாத அதை அவளிடம் சொன்னேன். அவள் உருகிய எண்ணெயைக் கையில் ஊற்றித் தன் தலைக்கு வைத்து, மிச்சத்தை என் மொட்டைத் தலையில் தேய்த்துவிட்டாள்.

இந்த டிசம்பரும் வேட்டைக்குப் போகிறேன். பாவம் பார்த்து நண்பன் அந்தப் பதினெட்டு டொலர் எண்ணெயை வாங்கித் தந்தான், அது மூடி திறக்காமல் இருக்கிறது. எண்ணெய் பூசுகிற வேலையை அவளிடமே விட்டுவிட்டேன். அவள் சொன்னதும் சரிதான், குழலில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.