ஆறு தட்டுகளிலும் ஒரே கிருமி

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டிய ஆய்வகத்தில் அவள் இருபத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். எல்லோரும் அவளை ‘கல்ச்சர் அக்கா’ என்றார்கள். மாடியிலிருந்து வரும் சிறுநீர்க் குப்பிகளைத் திறந்து, ஒரு துளி எடுத்து, கம்பி வளையத்தால் தட்டில் கோடிழுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை என்ன கிருமி முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்; அதற்குப் பெயர்தான் கல்ச்சர். மூத்திரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று சலவைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உண்மையில் அவள் எந்த ஆளையும் பார்த்ததில்லை. குப்பிகள் லிஃப்டில் இறங்கி வரும், முடிவுகள் காகிதத்தில் ஏறிப் போகும், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வயது ஓடிவிட்டது. அம்மா போன பிறகு, வெள்ளி சாயங்காலம் ஆய்வகக் கதவைப் பூட்டினால் திங்கள் காலை வரை வாய் திறக்க வேலை இருக்காது.

அந்த வருடம் ஒரே நோயாளி எண் திரும்பத் திரும்ப வந்தது. 417. பெண், வயது அறுபத்திரண்டு. எட்டு மாதத்தில் ஆறு குப்பிகள். ஆறிலும் ஈ.கோலை என்ற கிருமி. ஆறு முறையும் தட்டில் அது ஒரே மருந்துக்குச் செத்தது. ஆறாவது படிவத்தில் டாக்டர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: ‘மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சுத்தமும் போதாது.’

அந்த வரி அவளை உறுத்தியது. அரைகுறையாகச் சாப்பிட்டிருந்தால் இத்தனை நாளில் கிருமி மருந்துக்குப் பழகிப்போயிருக்க வேண்டாமா? திரும்பி வரும் கிருமிகளை உறைபெட்டியில் எடுத்துவைப்பது அவள் வழக்கம். அப்படி வைத்திருந்த 417-இன் ஆறு சிறு குழாய்களையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள்.

அங்கே ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். கிருமிகள் உடம்பில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, எந்த மரபணுக்கள் அதற்குக் காரணம் என்பது அவருடைய ஆராய்ச்சி. கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போறோம்? ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வந்த மாதிரி எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும். பிடிச்சுக்கத் தெரிஞ்சதுதான் மிஞ்சும்” என்றார்.

அந்தக் கிருமிக்கு உடம்பெல்லாம் மெல்லிய இழைகள். இழையின் நுனியில் ஒட்டும் புரதம். ஒரு மரபணு செய்து தரும் புரதம் சிறுநீர்ப்பையின் சுவரைப் பிடிக்கும்; வேறொரு மரபணுவின் புரதம் சிறுநீரகம் வரை ஏறிப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

இரண்டு வாரம் கழித்து அவர் அழைத்தார். ஆறு குழாய்களிலும் இரண்டு மரபணுக்களும் இருந்தன. மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது விழுந்த கோடுகளும், கைரேகை மாதிரி, அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

“இது ஆறு தடவை வரலைக்கா. ஒரே தடவை வந்து, போகவே இல்லை” என்றார்.

அவள் முடிவுகளை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ஆறாவது படிவத்தை எடுத்து, தான் எழுதிய வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் பட்டாணி அளவில் ஒரு கல் தெரிந்தது. மருந்து எட்டாத அந்தக் கல்லின் இடுக்கில் குடியிருந்துகொண்டு கிருமி திரும்பத் திரும்ப இறங்கி வந்திருக்கிறது.

417 வார்டில் சேர்ந்த அன்று, அக்கா முதல்முறையாக ஒரு நோயாளியைப் பார்க்க மாடியேறினாள். கட்டிலில் ஒல்லியான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தையல்காரர், விரல் நுனியெல்லாம் ஊசித் தடம். கீழே லேபில் இருப்பவள் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தாராம்.

மெல்ல மெல்லத்தான் பேசினார். டாக்டர் கையில் கொடுத்த படிவத்தில் எழுதியிருந்ததை மகன் படித்துவிட்டான். அதிலிருந்து அவருக்குப் பின்கட்டு அறை, தனி சோப்பு, தனி கழிப்பறை. பேத்தியை மடியில் விடுவதில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் தோலே புண்ணாகிவிட்டது.

அக்கா கல்லையும் கிருமியையும் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டார்: “அப்ப நான் மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா எவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டாலும், எவ்வளவு கழுவினாலும் இது போயிருக்காது.”

“இதை என் மகன்கிட்ட சொல்லுவீங்களா?”

லேப் ஊழியர்கள் நோயாளியின் வீட்டாரிடம் பேசக்கூடாது என்பது விதி. அவள் ஐந்து மணி வரை காத்திருந்தாள். மகன் வந்ததும் அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“தொத்துமா?”

“தொத்தாது. குழந்தை பாட்டி மடியில தாராளமா உக்காரலாம்.”

அவன் தலையாட்டினான். ஆனால் உடனே உள்ளே போகவில்லை. ஜன்னலோரம் வெகுநேரம் நின்றிருந்தான்.

மறுநாள் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வார்டுக்குப் போய் நோயாளியின் வீட்டாரிடம் பேசியதற்காக. படித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

கல்லை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து 417-இன் குப்பி ஒன்று வந்தது. மறுநாள் பெட்டியைத் திறந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். இழுத்த கோடுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதினாள். சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை; ஆராய்ச்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு, வெளியூரிலிருக்கும் அண்ணன் அபூர்வமாகப் போன் செய்தபோது அவள் நடந்த கதை முழுவதையும் சொன்னாள். இத்தனை நேரம் அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

“நல்ல காரியம் பண்ணியிருக்கே. அந்தம்மா அப்புறம் உன்கிட்ட பேசினாங்களா?”

“இல்லண்ணா. நான் இன்னார்னு பேர்கூடச் சொல்லலை.”

“அவங்க நம்பர் இருக்கா?”

“படிவத்துல இருக்கு. எடுத்துப் பேசக்கூடாது.”

எப்போதும் இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிடும் அண்ணன் அன்று போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.