என் வீட்டை நானே பார்க்கப் போனது

எங்கள் பிளேஸ்டோ வீட்டை விற்கப் போட்டு ஐந்து கிழமையாகியும் ஒருவரும் விலை சொல்லவில்லை. இல்ஃபோர்டில் நாங்கள் பார்த்து வைத்த வீட்டின் சொந்தக்காரர், மாத முடிவுக்குள் உங்கள் வீடு விலைப்படாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த விலாசம் இருந்தால்தான் மகளுக்கு நாங்கள் ஆசைப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் வேறு கதையே இல்லை.

எனக்கோ இன்னொன்றும் மண்டையைக் குடைந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நின்று என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? அவர்கள் வரும் நேரம் நாங்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது ஏஜென்டின் சட்டம். குடும்பப் படங்களையும் சாமிப் படங்களையும் கழற்றி வைக்கச் சொன்னதும் ஏஜென்ட்தான். வாங்க வருகிறவர்கள் அங்கே தங்கள் படத்தை மனதுக்குள் மாட்டிப் பார்க்க வேண்டுமாம். இணையத்தில் ஏஜென்ட் போட்டிருந்த படத்தில் எங்கள் ஹோல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. இவ்வளவு இடம் இருந்தும் பதினொரு வருடமாக ஏன் இடித்துக்கொண்டு நடந்தோம் என்று யோசித்தேன்.

சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகுமுன் மூலையிலுள்ள பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, யார் போகிறார்கள், எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உனக்கு விசர்," என்பார் என் கணவர். "வித்தால் காணும். அவை என்ன கதைச்சால் உனக்கென்ன?"

ஆறாவது சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பிப் பாதி வழியில், கடையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே நின்ற ஏஜென்டை நான் முன்பு பார்த்ததில்லை. அவர் கையில் ஒரு பட்டியல், காதில் போன். வழக்கம்போல வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். கழற்றத் தேவையில்லை, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் கீழே தொடங்கலாம் என்றார்.

நான்தான் வீட்டுக்காரி என்று சொல்ல ஒரு வினாடி போதும். சொல்லவில்லை. வலிய வந்த சந்தர்ப்பத்தை விட எனக்கு மனமில்லை.

என் வீட்டை அவர் எனக்குச் சுற்றிக் காட்டினார். வெளிச்சமான குசினி என்று சமையலறையைக் காட்டினார். காலை பத்து மணிவரை அது உண்மை. தோட்டம் தெற்குப் பார்த்தது என்று ஏதோ பரிசு கொடுப்பதுபோலச் சொன்னார். தெற்கு என்றாலே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பின்வாங்குவார்கள் என்று பாவம், அவருக்குத் தெரியாது. பிறகு மறுபடி போன் அடிக்க, வாசலுக்குப் போய்விட்டார்.

மேலேயிருந்து ஒரு பெண் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி வந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"நீங்க தமிழா? நீங்களும் வீடு பாக்க வந்தீங்களாக்கா?"

"ஓம், பாக்கத்தான் வந்தனான்." அதில் பொய் இல்லை.

தமிழ்நாட்டுக்காரி. கம்ப்யூட்டர் வேலை. புருஷன் அடுத்த மாதம்தான் வருகிறாராம். இருவரும் சேர்ந்து குசினிக்குப் பின்னாலிருந்த குளியலறையை எட்டிப் பார்த்தோம். இருட்டாக இருந்தது. லைட்டைப் போட்டுக் காட்டினேன்.

"குளிர்காலத்துல நடுங்கிடுமேக்கா?"

"பல்லுக் கிட்டும்," என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "எண்டுதான் நினைக்கிறன்," என்று சமாளித்தேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இந்த ஊர் வீடுங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க தங்கச்சி வாங்கறதா நெனச்சு சொல்லுங்க. இத வாங்கலாமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடமா கேட்க வேண்டும்? மேலே பின்னறைச் சுவரில் ஈரம் ஊறியிருந்தது. விற்கப் போடுவதற்கு முதல் நாள் என் கணவர் அலுமாரியை இழுத்து அதை மறைத்துவிட்டு, "ஆரும் கேட்டால் சொல்லுவம்," என்றிருந்தார். ஐந்து கிழமையாக ஒருவரும் கேட்கவில்லை. இவள் கேட்கிறாள். சொன்னால் இல்ஃபோர்டும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அவளை மேலே கூட்டிப் போனேன்.

"அலுமாரிக்குப் பின்னாலை கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டாள். கையைத் துடைத்தாள். "தேங்ஸ்க்கா," என்றாள். நான் பெயர் அட்டையை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். மகளின் பள்ளிக்கூடத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் கடையில் பொருமிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஏஜென்ட் கூப்பிட்டார். தனியாக வந்து பார்த்த பெண் விலை சொல்லியிருக்கிறாள். சுவர் ஈரத்துக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான். என் கணவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம்.

"வீட்டைச் சோதிக்கிற சேர்வேயரே இன்னும் வரேல்லை. அலுமாரிக்குப் பின்னாலை ஈரமெண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அரிசி கழுவப் போய்விட்டேன்.

மற்றதெல்லாம் ஏஜென்டும் சட்டத்தரணிகளும் பார்த்துக்கொண்டார்கள். இல்ஃபோர்ட் வீடும் கைக்கு வந்தது. சாமான் ஏற்றும் நாளில், சொன்ன நேரத்துக்கு முன்பே அவள் வந்து நின்றாள். விளக்குமாறும் கையுமாகக் கதவைத் திறந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்டைக்கு நான் ஆரெண்டு சொல்லாமல் விட்டது..." என்று இழுத்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனாள். பிரிட்ஜ் மறைத்திருந்த சுவரில் எட்டிக் கையை வைத்தாள். குளியலறை லைட் எரிந்தது.

"அடுத்த தடவ வந்தப்ப இந்த ஸ்விட்சத் தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஏஜென்டுக்கும் தெரியல. நீங்க அன்னைக்குத் திரும்பிக்கூடப் பாக்காம போட்டீங்க." சிரித்தாள். "வீட்டுக்காரங்களே கூட்டிட்டுப் போய் ஈரத்தக் காட்டறாங்க. அப்புறம் நான் வேற என்ன பாக்கணும்?"

படியில் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீயோ காட்டினது?"

"ஓம்," என்றேன். போய் மற்ற முனையைப் பிடித்தேன்.