தீர்மானத்தில் வந்த தகராறு

போன வாரம் எங்கள் தொழிற்சாலை ஆயுத பூஜையில் நான் ஆடினேன். ஆமாம், நானேதான்... பரதநாட்டியம். சிரிக்காதீர்கள்!

ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் ரூபா, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரி. மைசூர் பாணியில் நடனம் கற்றவள். நான் கற்றது பந்தநல்லூர் பாணி. தெரிந்தால் மேனேஜர் விடுவாரா? "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கிருஷ்ணர் பாட்டுக்கு ஆடிடுங்க" என்றுவிட்டார்.

லஞ்ச் பிரேக்கில் கேன்டீன் பின்னால் ஒத்திகை. வெண்ணெய் திருடும் வரை ஒற்றுமை. கடைசியில் மூன்று முறை வரும் தீர்மானம் – ஜதியைத் தட்டி முடிக்கிற இடம் – அதில்தான் ஒரு தீர்மானத்துக்கு வர முடியவில்லை! எனக்கு முழங்காலை மடக்கி அரைமண்டியில் நன்றாக அமர்ந்து, கையை நேராக நீட்டி, காலை ஓங்கித் தட்ட வேண்டும். ரூபாவோ கையை லேசாக வளைத்து, பூ உதிர்கிற மாதிரி காலை வைத்தாள்.

"ஏனு மேடம் இது? தரை ஒடஞ்சிடும்!"

"உங்களுது மட்டும் என்ன ரூபா? எறும்புக்கு வலிக்கக் கூடாதுன்னா?"

"எங்க டீச்சரோட அஜ்ஜி மைசூர் அரமனேல ஆடினவங்க!"

"எங்க வாத்தியார் வீட்ல தலைமுறை தலைமுறையா நட்டுவாங்கம்!"

அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தனித்தனியாகத் திறந்தோம்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. புது இடத்துக்கு வந்த பெண்... அவள் மாதிரியே ஆடிவிட்டால்தான் என்ன? சொல்லாமல் ஆடி அசத்துவோம்!

மேடை. தீர்மானம் வந்தது. கையை வளைத்து, பூப்போலக் கால் வைத்தேன். பக்கத்தில் 'தட்'டென்று பலகை அதிர்ந்தது. ரூபா! அரைமண்டியில் அமர்ந்து, கை நீட்டி... அவளும் எனக்காக மாறியிருக்கிறாள்!

இரண்டாம் முறை நான் அவசரமாக என் பாணிக்குத் தாவினேன். அதே நொடியில் அவள் தன் பாணிக்கு! சிரிப்பு பீறிட்டுவிட்டது. மூன்றாம் முறை? கையைக் கோத்துக்கொண்டு இஷ்டத்துக்குக் குதித்தோம். ஷெட்டே அதிர விசில்!

சூளகிரியிலிருந்து வரும் ஃபிட்டர் முருகேசன் ஓடி வந்தார். "சூப்பருங்க மேடம்! இது என்னா பாணிங்க?"

ரூபா யோசிக்கவே இல்லை. "ஜூஜுவாடி பாணி!"

எங்கள் தொழிற்சாலை இருக்கும் ஊர்; தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிற இடம். வேறென்ன சொல்வாள்?

"அப்ப எம் பொண்ணுக்கும் அதையே சொல்லிக் குடுங்க. வேற பாணியெல்லாம் வேணாங்க!"

ஆக, எங்கள் பரம்பரை ஆரம்பமாகிவிட்டது. முதல் சிஷ்யை ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். என்ன... முழங்கால் வலிக்கு மட்டும் எல்லாப் பாணிக்கும் ஒரே தைலம்தான்!