அண்ணியின் பணம் அடுத்த வீட்டில்

எங்கள் வீட்டில் எப்போதும் பணம் இருந்தது. அதில் ஒரு காசுகூட எங்களுடையது இல்லை.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கரி இஸ்திரிப் பெட்டி கிடந்தது. அதற்குள் ஒரு கரப்பான்பூச்சியைக் குடிவைத்து, அண்ணி திறக்கும்போது போடும் கூச்சலைக் கேட்கலாம் என்று மூடியைத் தூக்கினேன். உள்ளே மூன்று கைக்குட்டை முடிச்சுகள், மூன்றிலும் நோட்டுகள். கரப்பான்பூச்சி ஓடிவிட்டது. நான் ஓடவில்லை.

"அண்ணி, நாம பணக்காரங்களா? சொல்லவே இல்ல?"

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கைய எடு வாலு. கோடு போட்டது தையல்கார அக்காவோடது. நீலம் வாட்ச்மேன் மாமாவோடது. வெள்ளை பெயிண்டர் வீட்டு அக்காவோடது."

"அப்ப நம்மளது?"

"அவங்ககிட்ட இருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் எனக்கே விக்கல் வந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யார் யாரை விட்டது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கழித்தல் எனக்குத் தெரியும். பெயிண்டர் வீட்டு அக்காவின் எட்டாயிரம் அண்ணியிடம், அண்ணியின் எட்டாயிரம் அந்த அக்காவிடம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

"அவங்க பல்ல நீங்க விளக்கி, உங்க பல்ல அவங்க விளக்குற மாதிரி இருக்கு அண்ணி."

"உன் பல்ல மொதல்ல நீ விளக்கு," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அண்ணிக்கு வேலை ஒரு லாண்டரியில். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வலது மணிக்கட்டில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. அண்ணன் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன்; லோடு வந்தால் கூலி, வராவிட்டால் வீட்டில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பான். போன மழையில் பதினோரு நாள் லோடு வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் ரெண்டு வேளை வயிறு நிறையத் தின்றுவிட்டு, ரசம் தண்ணியாக இருக்கிறது என்று குறையும் சொல்லியிருக்கிறேன். சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி அண்ணியைத் திறந்தால் சோறு வரும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மூன்றாவது தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெரியவர் மகள் வீட்டோடு போகப்போகிறார். மேசை, இரண்டு பெட்டி, வாடிக்கை வீடுகள் நாற்பது, எல்லாம் சேர்த்து இருபதாயிரம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் அண்ணிக்கு, இல்லாவிட்டால் அடுத்து நிற்கிறவனுக்கு. நாலு வருஷமாக அண்ணி சேர்த்தது சரியாக இருபதாயிரம். மூன்று வீடுகளில் இருந்தது.

வியாழக்கிழமை காலை, அவள் அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் கழித்தல் கணக்கை ஆரம்பித்தேன். மூன்று முடிச்சையும் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். "இது உங்களுது. எங்களுத அண்ணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க." ஞாயிறு நெருங்கிவிட்டதால் எல்லாரும் நம்பினார்கள். ஆனால் தங்கள் பணத்தைக் கையில் வாங்கியபோது ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. வாட்ச்மேன் மாமா, பாம்புக்குட்டியை வாங்குகிற மாதிரி இரண்டு விரலால் வாங்கினார்.

"உங்க அண்ணிக்கு எம்மேல என்னப்பா கோவம்?"

இருபதாயிரத்தையும் கட்டில்மேல் அடுக்கி வைத்தேன். அண்ணி வந்து பார்த்து அசந்துபோக வேண்டும். அசந்துபோனவன் அண்ணன்தான். அன்றைக்கு லோடு இல்லை.

"இவ்வளவும் நம்மளுதாடா?"

"நம்மளுதேதான்."

இங்கேதான் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நூறு கிலோ மூட்டையை ஒற்றை மூச்சில் தூக்குவான். 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் அவனால் தூக்க முடியாது. கால் மணி நேரத்தில் அவனுடைய கூட்டாளி 'லாட்டரி' வந்து வாசலில் நின்றான். நாளைக்கே அதிர்ஷ்டம் அடிக்கப்போகிறது என்று பத்து வருஷமாகச் சொல்வதால் அவனுக்கு அந்தப் பெயர். யாரோ பழைய பைக் விற்கிறார்களாம், எட்டாயிரம்தானாம், ரெண்டே மாசமாம். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்ணே, அண்ணியோட கடைக்கு!"

"நம்ம காசுதானடா. கேட்டுட்டான். வச்சுக்கிட்டே எப்படிடா இல்லன்னு சொல்றது?"

எட்டாயிரம் என் கண்ணெதிரே படியிறங்கிப் போனது. மீதிப் பன்னிரண்டாயிரத்தின்மேல் நான் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அண்ணி வந்தபோது மூன்று வீட்டுக்காரர்களும் அவளை வாசலிலேயே மடக்கியிருந்தார்கள்.

"ரெண்டு மாசமா எம் பையன்கிட்ட கையில காசு இல்லன்னு உண்மைய சொல்லிட்டிருந்தேன்மா," என்றார் வாட்ச்மேன் மாமா. "இன்னைலேர்ந்து பொய் சொல்ல வச்சுட்டியே. எனக்குப் பொய் சொன்னா காது துடிக்கும், அவன் கண்டுபிடிச்சிருவான்."

தையல்கார அக்கா அழாத குறை. "மத்தியானம் தங்கச்சி வந்தா. ஐநூறு கேட்டா. உங்கிட்ட இருந்திருந்தா தொடமாட்டேன், அடுத்த வீட்டுல கெடக்குன்னு சொல்லிருப்பேன். மடியிலயே இருந்துச்சே, குடுத்துட்டேன்."

நான் நடந்ததைச் சொன்னேன், எட்டாயிரம் உட்பட. என்னை அடிப்பாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அண்ணி அடிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தழும்புள்ள மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் இருக்கும். எழுந்து நேராகப் பெயிண்டர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, வாலு குடுத்த எட்டாயிரம் இருக்கா?"

"இந்த மனுஷன் வர்றதுக்குள்ள எங்க ஒளிக்கிறதுன்னுதான் தவிச்சுட்டிருக்கேன்."

"அத எங்கிட்ட குடுங்க. அது இனிமே என்னுது. லாட்டரிகிட்ட போயிருக்கு பாருங்க எட்டாயிரம், அது இந்த நிமிஷத்துலேர்ந்து உங்களுது."

அக்கா வாயைப் பிளந்தாள். "வரலன்னா?"

"வரலன்னா கடை உங்களுது. நான் உங்ககிட்ட கூலிக்குத் தேய்க்கிறேன்."

"எனக்கு எதுக்குடி கடை. எனக்கு ஒரு சட்டைய மடிக்கவே வராது." சிரித்தபடி வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினாள். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. சாட்சி நான்தான் என்றால் சிரிப்பார்கள்.

அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"என்னங்க, நீங்க லாட்டரிக்குக் குடுத்தது பெயிண்டர் வீட்டு அக்கா காசு."

அண்ணன் முகம் போன போக்கை நான் எழுதிக் காட்ட முடியாது. "அடுத்தவங்க காசா?" சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஓடினான். யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டு அறியாதவன் ஓடிய ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. லாட்டரி டீக்கடையில் பைக் விற்கிறவனுக்காகக் காத்திருந்தான்.

"டேய், அந்தக் காச எடு. அடுத்தவங்க காசுடா அது!"

லாட்டரி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். "அறிவில்ல? மொதல்லயே சொல்றதில்ல? உன் காசுன்னு நெனச்சுல்ல வாங்குனேன்!" என்று அண்ணனையே திட்டினான். சட்டைக்குள்ளிருந்து எடுத்து எண்ணினான். எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததில் இருநூறு குறைந்தது. அவனே டீக்கடைக்காரரிடம் இருநூறு கடன் வாங்கி, மேலே வைத்து, "அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு," என்றான்.

பத்து வருஷத்தில் லாட்டரி ஒருவருக்குத் திருப்பித் தந்த முதல் பணம் அது. அதே நோட்டு, அதே பாக்கெட். மத்தியானம் எங்களுடையதாக இருந்தபோது எதற்கும் ஆகவில்லை. சாயங்காலம் இன்னொருத்தருடையது ஆனதும் இரண்டு பெரிய ஆம்பளைகளை ஓடவைத்துவிட்டது. இவ்வளவையும் செய்ய அண்ணிக்கு ஆனது ஒரு சுவரைத் தாண்டிப் போய்வரும் நேரம். நான் டீக்கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரே அறையில் ஆறு வருஷமாக நாங்கள் இருக்கிறோம். இவள் இத்தனை பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறதே.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வரிசை. வாட்ச்மேன் மாமா நீலக் கைக்குட்டையை அண்ணி கையில் திணித்துவிட்டு, "அப்பாடா," என்று காதைத் தடவிக்கொண்டார். லாட்டரியிடமிருந்து வந்த எட்டாயிரமும் வெள்ளைக் கைக்குட்டைக்குள் போனது. தையல்கார அக்கா முடிச்சில் மட்டும் ஐநூறு குறைவு.

"அந்த ஐநூறு?" என்று கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். என்னிடம் முந்நூற்று நாற்பது இருந்தது. அது எதற்கு என்று சொல்லமாட்டேன், பட்டாசும் ஒரு போலீஸ்காரர் தொப்பியும் சம்பந்தப்பட்டது. கொண்டுவந்து வைத்தேன். மீதியைப் பழைய பேப்பர் தூக்கி மூன்று வாரத்தில் அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இஸ்திரிக் கடைப் பெரியவர் நோட்டுகளை விரலில் எச்சில் தொட்டு எண்ணினார். பழசு, கசங்கியது, ஓரத்தில் பெயிண்ட் ஒட்டியது, நூல் சுற்றியது, எல்லாம் கலந்து இருந்தது.

"ஒரு ஆள் கூலியில இவ்வளவா? எங்கம்மா வச்சிருந்தே, பேங்க்லயா?"

"இல்லய்யா. எங்கிட்ட இல்லாம வச்சிருந்தேன்."

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அதற்குள் அண்ணி மேசைமேல் ஒரு சட்டையை விரித்து, காலரில் தண்ணீர் தெளித்துவிட்டாள்.