கலர் அக்காவின் நான்கு தங்கக் குழாய்கள்

சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் நிறம் பார்த்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் கலர் அக்காதான். கட்டிய கணவரே, யாராவது போன் செய்து கேட்டால், "கலர் அக்கா குளிக்கிறாங்க" என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் அனுப்பிய துணித் துண்டையும் சாயம் ஏறி வந்த துணியையும் ஜன்னலோரம் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். அவள் "சரி" என்றால் லாரி கிளம்பும். உதட்டைப் பிதுக்கினால் மொத்தச் சரக்கும் தொட்டிக்குத் திரும்பும்.

அப்படிப்பட்டவள் ஒரு வெளிர்நீலத்தில் சறுக்கினாள். நிறம் அளக்கும் கருவி சந்தேகமாகத்தான் காட்டியது. அதற்கென்ன தெரியும் என்று ஒதுக்கிவிட்டுச் சரி சொல்லிவிட்டாள். போன துணி அப்படியே திரும்பி வந்தது. வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதுக்கண் வந்துவிட்டதென்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்ததால் கண்ணின் மேல் பழி போடவும் வழியில்லை. ஆய்வகத் தலைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. கொஞ்ச நாள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வயதாகிவிட்டது, கவனம் போய்விட்டது என்று அக்கா தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். துணிக்கடைக்குப் போனால் நிறம் எப்படியிருக்கிறதென்று கணவரைக் கேட்கத் தொடங்கினாள். அவரோ பழுப்பைத் தவிர வேறு நிறத்தோடு பழக்கமே இல்லாத மனிதர்.

மாடியில் குடியிருந்த அவளுடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பழைய ரிமோட் கார்களென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அப்போது அவன் கையில் இருந்தது முப்பது வருடத்துக்கு முந்தைய பந்தயக் கார். அதன் சக்கரங்களுக்கு மேலே, அதிர்வைத் தாங்குகிற விரல் நீள அலுமினியக் குழாய்கள் நான்கு. ஒரு காலத்தில் தங்க நிறமாக மின்னியவை, கல்லிலும் மண்ணிலும் உரசி, விளிம்பெல்லாம் வெளுத்துக் கிடந்தன. கடையில் இப்போது அந்தக் குழாய் வருவதில்லை. பெயின்ட் அடித்தால் ஒரே ஓட்டத்தில் உரிந்துவிடும். முறையாகச் செய்வதென்றால், அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் மெல்லிய படலம் ஒன்றை வளர்க்க வேண்டும். அந்தப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். சாயம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் அவன் சாப்பிடும்போது கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவின் கை தட்டிலேயே நின்றது. என்ன சாயம், எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு நேரம் என்று துளைத்தெடுத்தாள். தம்பி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே மொட்டை மாடியில் இருவரும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். காஸ்டிக் கரைசலில் போட்டதும் பழைய தங்கம் நுரைத்துக் கரைந்தது. சற்று அசந்தால் அலுமினியத்தையே தின்றுவிடும் என்பதால் தம்பி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். பிறகு அமிலத் தொட்டியில் அலுமினியக் கம்பியில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் மின்சாரம். சாயம் மட்டும் அக்காவின் பொறுப்பு. முதலில் பருத்திக்குப் போடுகிற சாயத்தில் ஒரு குழாயை முக்கினாள். துளைகளை அடைக்க அதைக் கொதிநீரில் போட்டபோது நிறமெல்லாம் வெளியேறித் தண்ணீர் டீ மாதிரி ஆனது. நைலானுக்குப் போடுகிற சாயத்துக்கு மாறியதும் அந்தத் தொல்லை நின்றது.

மூன்றாவது சனிக்கிழமை நான்கும் தங்கமாக வந்தன. மாதிரிக்கு இருந்தது, காரின் மேலோட்டுக்குள் மறைந்து தேயாமல், பழைய தங்க நிறத்தோடு தப்பிய குழாய் மூடி ஒன்று. அதை ஒரு குழாயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை. நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி மென்று விழுங்கினான். "அக்கா, கோவிச்சுக்காத. மூடியோட வச்சுப் பாத்தா குழாய் கொஞ்சம் பச்சை அடிக்குது."

"எங்கடா பச்சை?"

"எனக்கு அப்படித்தான் தெரியுது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று தைத்தது. குழாயையும் மூடியையும் மறுபடி உயர்த்தினாள். வெயில் கூசியதால் இடது கண்ணை இடுக்கினாள். குழாய் பச்சை கலந்து நின்றது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தாள். இரண்டும் ஒரே தங்கம். மறுபடி மாற்றினாள். மறுபடி பச்சை. உள்ளே ஓடிப்போய் வெள்ளைத் தலையணை உறையை எடுத்துவந்து பார்த்தாள். வலது கண்ணுக்கு வெள்ளை. இடது கண்ணுக்குப் பழைய காகிதம்.

"எனக்குக் கவனம் போகலடா," என்றாள். "ஒரு கண்ணுல இன்னும் புரை இருக்கு. அவ்வளவுதான்."

கண் டாக்டர் அதையேதான் சொன்னார். புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல; நீலத்தில் வரும் நுணுக்கமான வித்தியாசம் அதற்குத் தெரியாது. அக்காவுக்கோ எதையும் இடது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் பழக்கம். வெளிர்நீலம் ஏன் சறுக்கியது என்று கேட்காமலே புரிந்தது. அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரை சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. கணவரின் கைக்குட்டையால் இடது கண்ணைக் கட்டிக்கொண்டு, பச்சை அடித்த நான்கின் நிறத்தையும் கரைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். சாயத்தில் துளி சிவப்பைக் கூட்டினாள். கடற்கொள்ளைக்காரி மாடியில் சமைக்கிறாள் என்று கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த முறை தம்பி மென்று விழுங்கவில்லை. மூடியைக் குழாயின் மேல் பொருத்திவிட்டு, எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறதென்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான்.

திங்கட்கிழமை அந்தக் குழாய் ஒன்றையும் மூடியையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத் தலைவியின் முன் நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கருவியை மதிக்காததும் தன் தவறுதான் என்றும் சொன்னாள். தலைவி இரண்டையும் கருவியில் வைத்து எண்களைப் பார்த்தாள். பிறகு, அடுத்த கண்ணும் முடிந்ததும் ஜன்னலோரத்துக்கே வந்துவிடுங்கள் என்றாள். வந்தும் விட்டாள். இப்போது கருவி முறைத்தால் அக்கா இன்னொரு முறை பார்க்கிறாள்.

இடது கண்ணுக்கும் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த மூன்றாவது வாரம், காலியான கார் நிறுத்துமிடத்தில் தம்பியின் குழு பந்தயம் நடத்தியது. அக்காவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சுற்றிலேயே கார் குட்டிக்கரணம் அடித்துச் சிமென்ட் விளிம்பில் உரசியது. ஓடிப்போய்த் தூக்கிவந்த தம்பியின் முகம் விழுந்துவிட்டது. புத்தம்புதுத் தங்கத்தில் நகக்கீறல் அளவுக்கு வெள்ளைக் கோடு.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "ஓடுறதுக்குத்தானே கார்? போய் ஓட்டு. சனிக்கிழமை பாத்துக்கலாம்."

குழுவில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, தன் காரின் நிறம் போன ஊதாத் தகடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தாள்.