வராத பயணிக்கும் ஒரு சீட்: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு மலிவு விமானத்தில்

போன ஆனி மாதம் சிங்கப்பூர் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். டிக்கெட் எடுத்திருந்தது இரண்டு பேருக்கு, போனது நான் ஒருவன். ஐப்பசியில் ஒரு மலிவு விமான நிறுவனம் தள்ளுபடி அறிவித்தபோது எனக்கும் என் மனைவி கோமதிக்கும் சேர்த்து எடுத்தேன். தை மாதம் அவள் இறந்துவிட்டாள். ஏன் இத்தனை நாளாக ஒன்றும் எழுதவில்லை என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் கரூர்க்காரன். முப்பது வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு சீட் செய்து கொடுத்தவன். எந்த வண்டியில் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு முன் சீட்டைத்தான் அமுக்கிப் பார்ப்பேன். கோமதி தலையில் அடித்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே அடித்துக்கொள்ள இப்போது ஆளும் இல்லை.

“சர்டிபிகேட்ட அனுப்புங்க மாமா, முழுப் பணமும் திருப்பிக் குடுத்துருவாங்க” என்றார் மைத்துனர். உண்மைதான். பயணி இறந்துவிட்டால் பல நிறுவனங்கள் விதியைத் தளர்த்தும். ஆனால் அதற்கு இறப்புச் சான்றிதழை இணையத்தில் ஏற்றி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் கணினியை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். டிக்கெட் அப்படியே கிடந்தது. நாள் நெருங்கியதும் கிளம்பிவிட்டேன்.

நாங்கள் இருவரும் சிங்கப்பூருக்கு ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறோம். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு ஃபோம் கம்பெனி, நிறையச் சரக்கு எடுத்த எங்களைப் போன்றவர்களைக் குடும்பத்தோடு இலவசமாகக் கூட்டிப் போனது. அது பெரிய விமானம், பெரிய கம்பெனி. ஏறியதும் சூடாக ஒரு சிறு துண்டு, பிறகு பழரசம், பிறகு நிஜ முள்கரண்டியோடு சாப்பாடு, போர்த்திக்கொள்ளக் கம்பளி. கோமதி சாய்வுப் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சீட்டைப் பின்னால் தள்ளி, “ஏனுங்க, நீங்க பண்ற சீட்டு இப்படிச் சாயுமா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புஷ்பேக் சீட் செய்யக் கற்றுக்கொண்டேன்.

இந்த முறை ஏறிய விமானத்தில் பொத்தானே இல்லை. சீட் சாயாது. முதுகுப் பலகை என் உள்ளங்கை கனம்தான் இருந்தது, அடியில் இருந்த ஃபோமை நான் டவுன் பஸ்ஸுக்குக்கூடப் போட மாட்டேன். முன் சீட்டுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. இதன் கணக்கு எனக்குத் தெரியும். பஸ் முதலாளிகள் பட்டறைக்கு வந்து, “இன்னும் ஒரு வரிசை நுழையுமா, பாருப்பா” என்று கேட்பார்கள். நுழைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வரிசை கூடினால் அவருக்கு ஒவ்வொரு நடையிலும் வருமானம். பயணியின் முழங்காலுக்கு யார் நஷ்ட ஈடு கொடுக்கப் போகிறார்கள்?

விமானக் கம்பெனி இதையே இன்னும் சாமர்த்தியமாகச் செய்கிறது. விளம்பரத்தில் காட்டும் கட்டணம் வெறும் தூண்டில் புழு. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, குடிக்கிற தண்ணீருக்கும் தனி. சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டாவிட்டால் புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை. அன்றைய டிக்கெட்டில் எல்லாம் அடக்கம். இன்று ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கிறார்கள், பெரிய கம்பெனிகளும் மெல்ல அந்த வழிக்கு வந்துவிட்டன. நாம் எட்டு மாதம் முன்னால் கட்டும் பணம் அவர்களுக்கு வட்டியில்லாக் கடன். விமானம் தரையில் நிற்கும் நேரமெல்லாம் நஷ்டம் என்பதால் இறங்கியவர்களின் சூடு ஆறுவதற்குள் அடுத்த கூட்டத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னொரு வித்தையும் உண்டு. கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை வைத்தவர் எல்லாரும் வருவார்கள் என்று இலை போடுவதில்லை அல்லவா? அதுபோல, டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வர மாட்டார்கள் என்று சில கம்பெனிகள் இருக்கிற சீட்டுக்கு மேலேயே விற்கும். வராதவர் காசும் அவர்களுக்கு, அந்தச் சீட்டில் உட்காருபவர் காசும் அவர்களுக்கு. வராதவர்களை வைத்தும் ஒரு வியாபாரம் ஓடுகிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மலிவுக் கட்டணம் இல்லாவிட்டால் என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆகாயத்தைத் தரையிலிருந்துதான் பார்த்திருப்பார்கள்.

எனக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கோமதிக்கென்று நான் காசு கட்டி எடுத்த ஜன்னலோரச் சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது. திருச்சியில் அது பலிக்கவில்லை. கவுண்ட்டரில் இருந்த தம்பி, “இன்னொருத்தர் எங்க சார்?” என்றார். “வரலீங்க” என்றேன். அவர் ஏதோ தட்டினார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தச் சீட்டில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயில் சுலபம். எக்ஸ்போ நிலையத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் வங்கி அட்டையையே கதவில் காட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கட்டணம் பிடிப்பார்கள். நான் முதல் நாள் களைப்பில் டாக்ஸி பிடித்தேன், முப்பது வெள்ளிக்கு மேல் ஆயிற்று. வெள்ளி என்றால் டாலர், அங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டியவர் அங்கேயே பிறந்த தமிழர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ‘லா’ போடுபவர், என் வயதுதான் இருக்கும்.

“தனியாவா வந்தீங்க அண்ணே? வைஃப் வரலையா?”

“இல்லீங்க, வரலை.”

“ஐயோ, அடுத்த தடவை கண்டிப்பா கூட்டிட்டு வாங்க லா. ஷாப்பிங் பண்ண விட்டுட்டு நீங்க நிம்மதியா உக்காரலாம்.”

“சரிங்க” என்றேன். ஐந்து நாளும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள், ஐந்து நாளும் ‘வரலை’ என்றேன். ஊர் விட்டு ஊர் வந்து அழுதுகொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அறை. ஓர் இரவுக்கு நூற்றுப் பத்து வெள்ளி. இருவருக்கான அறை அது. இரண்டு துண்டு, இரண்டு கோப்பை, இரண்டு சீப்பு என்று தினமும் புதிதாக வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே தேக்கா மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரம் முழுக்க வேலைக்கு வந்த நம் ஆட்கள் புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை தமிழ்ச் சத்தத்துக்கு நடுவில் என்னோடு பேச ஒருவரும் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் உணர்ந்ததே கிடையாது.

திங்கட்கிழமை ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கிராஞ்சிப் பக்கம் செடிப் பண்ணைகளைப் பார்க்கப் போனேன். கோமதிக்குச் செடிப் பைத்தியம். அங்கே பஸ் அரிதாகத்தான் வரும், தண்ணீர் கொண்டு போங்கள். காத்திருந்தபோது லாரிகள் போயின. பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பலகையில் தொழிலாளிகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாயாத சீட்டைப் பற்றி மேலே பெரிதாகப் புலம்பியிருக்கிறேன். அந்த லாரியில் சீட்டே இல்லை.

தேக்காவில் நான் கற்றுக்கொண்டு வந்த விஷயம் ஒன்று உண்டு. மதியக் கூட்டத்தில் காலியாகத் தெரிந்த ஒரு மேசையில் பிரியாணித் தட்டை வைத்தேன். கடைக்கார அம்மா அங்கிருந்தே கத்தினார்.

“அண்ணே, அங்க உக்காராதீங்க! டிஷ்யூ இருக்கு பாருங்க. ஆள் வருவாங்க.”

மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பாக்கெட் கிடந்தது. அதை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று பொருளாம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவதுபோல்தான், ஆனால் இங்கே சண்டை வராது. மறுநாள் நானும் ஒரு பாக்கெட் வாங்கி எனக்கு எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஒரு சீனப் பெரியவர் தட்டோடு வந்து, பாக்கெட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்துபோனார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அங்கேதான் அந்த யோசனை தோன்றியது. அன்று இரவே திரும்பும் விமானத்துக்குக் கைபேசியில் எனக்கும் கோமதிக்கும் சேர்த்துச் செக்-இன் செய்துவிட்டேன். இந்தக் கம்பெனியில் போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், போகும்போது வராவிட்டாலும் திரும்பும் டிக்கெட் ரத்தாகாது. செக்-இன் ஆன சீட்டைக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பெட்டி போடாவிட்டால் கவுண்ட்டருக்கும் போக வேண்டியதில்லை.

மற்ற யோசனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கப்புறம் பெட்டி எடை பற்றி எழுத எனக்கு மனம் வராது. சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் சீட்டுக்குக் காசு கட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டிக்கு முன்பே கட்டுங்கள், விமான நிலையத்தில் தீட்டிவிடுவார்கள். காலி பாட்டில் கொண்டுபோய் உள்ளே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம், அதற்குக் காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். பயணம் போகாவிட்டால் கட்டணம் திரும்பாவிட்டாலும் விமான நிலைய வரியைக் கேட்டுப் பாருங்கள், பல கம்பெனிகள் கேட்டால் மட்டும் கொடுக்கும்.

கடைசி நாள், பிற்பகல் விமானம். சாங்கியில் கேட் அருகே உட்கார்ந்திருந்தேன். கவுண்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண். அவளுக்கு முன்னால் ஒருவர், முப்பது வயதிருக்கும், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“அக்கா, நாளைக்குக் காலையில தங்கச்சிக்கு முகூர்த்தம். அப்பா இல்லை, நான்தான் தாரை வாத்துக் குடுக்கணும். எப்படியாவது ஏத்தி விட்டுருங்க.”

“ஃப்ளைட் ஓவர்புக் ஆயிருச்சு அண்ணே. வழக்கமா நாலஞ்சு பேர் வர மாட்டாங்க. இன்னைக்குப் பாத்து எல்லாருமே செக்-இன் பண்ணிட்டாங்க லா. ஒரு ஆள் மட்டும் இன்னும் கேட்டுக்கு வரலை. கூப்பிட்டுப் பாக்குறேன், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.”

அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். “கோமதி சண்முகம்” என்றாள்.

சட்டென்று நிமிர்ந்து கவுண்ட்டரையே பார்த்தேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் கோமதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பேன், அவள் ‘ஏனுங்க’ என்பாள், எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் வீட்டில் அதுதான் பழக்கம். அந்தப் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அங்கிள், நீங்க சண்முகம்தானே? உங்க வைஃப் எங்க? டாய்லெட் போயிருக்காங்களா?”

“வந்துருவாங்கம்மா” என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

அவள் திரும்பிப் போய் மறுபடி கூப்பிட்டாள். புதுச் சட்டைக்காரர் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் வந்துவிடக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொள்வது முகத்தில் தெரிந்தது. நானும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட மாட்டாளா என்று. அவருடைய இடத்தைத்தான் நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்த நான், ஒரு காலிச் சீட்டுக்காக ஓர் அண்ணனைத் தங்கை கல்யாணத்துக்குப் போக விடாமல் நிறுத்திவைத்திருந்தேன்.

எழுந்து கவுண்ட்டருக்குப் போனேன்.

“அவங்க வர மாட்டாங்கம்மா.”

“ஏன் அங்கிள்? உடம்பு சரியில்லையா?”

“தை மாசமே இறந்துட்டாங்க. நான்தான் செக்-இன் பண்ணி வெச்சேன். பக்கத்துல வேற யாரும் உக்கார வேண்டாம்னு.”

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். அத்தனை பேர் பார்க்க. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், “அப்ப பேரை எடுத்துடவா அங்கிள்?”

“எடுத்துருங்க. எடுக்கறதுக்கு முன்னால இன்னும் ஒரே ஒரு தடவை மட்டும் கூப்பிடுங்கம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். புதுச் சட்டைக்காரரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியை எடுத்து, அவசரப்படாமல், “கோமதி சண்முகம்” என்று கூப்பிட்டாள்.

யாரும் எழுந்து வரவில்லை. அப்புறம் நானும் புதுச் சட்டைக்காரரும், நாங்கள் இரண்டு பேரும் விமானத்தில் ஏறினோம்.